கான்கிரீட்டுத் தளமும் மரத் தரையும்



ஐப்பசி மாதத்து அடைமழையில் உங்கள் வீட்டு மரக்கதவைச் சாத்த முயன்று பார்த்திருக்கிறீர்களா? சித்திரையில் சிறு விரலால் தள்ளினாலே மூடிக்கொண்ட அதே கதவு, மழைக் காலத்தில் நிலையோடு முட்டிக்கொண்டு நிற்கும். தோளால் இடித்துத் தள்ளினாலன்றி மூடாது. மழை ஓய்ந்து பனியும் கழிந்தபின், இழைப்புளி கொண்டு யாரும் இழைக்காமலேயே, அது பழையபடி எளிதாக இயங்கத் தொடங்கிவிடும். கதவு ஏன் பெருத்தது? பிறகு ஏன் சுருங்கியது? இச்சிறு வினாவுக்கு விடை கண்டவர்க்கு, இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளில் பாதி விளங்கிவிட்டது எனலாம்.

கான்கிரீட்டுத் தளத்தின்மேல் மரத் தரை அமைப்பது எவ்வாறு என்பதே அப்பொருள். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு மரத் தரை சற்றுப் புதியது. நம் பாட்டிமார் சாணம் மெழுகிய மண் தரையில் கோலமிட்டனர். அடுத்த தலைமுறையினர் சிவப்புக் காவி கலந்து தேய்த்த சிமிட்டித் தரையில் பாய் விரித்து உறங்கினர். பின்னர் மொசைக்குத் தரையும், பளபளக்கும் ஓடுகளும் வந்தன. இன்றோ, இறகுப்பந்தாட்ட உள்ளரங்குகளிலும், உடற்பயிற்சிக் கூடங்களிலும், நகரத்து வீடுகள் சிலவற்றிலும் மரத் தரை இடம் பெற்று வருகிறது. அது காலுக்கு இதமானது. ஓடி ஆடுவோரின் முழங்காலுக்கு அதிர்ச்சி குறைவு. ஆனால் அதனை அமைப்பதில் ஒரு பெரும் பகை மறைந்து நிற்கிறது. கண்ணுக்குப் புலனாகாத அப்பகைதான் தளத்தினுள் தங்கியிருக்கும் நீர்.

இதனை நான் நூலிலிருந்து முதலில் கற்கவில்லை; என் பிழையிலிருந்து கற்றேன். அதனை ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றில், மேசைப்பந்து விளையாட்டுக்கென்று ஒரு கூடம் கட்டினோம். நீளம் 12 மீட்டர், அகலம் 6 மீட்டர். அதன் தரைக்குத் தேக்குப் பலகை இடுவதென்று முடிவாயிற்று. பலகைக்கான பணத்தைப் பழைய மாணவரும் பெற்றோரும் திரட்டித் தந்தனர். பெற்றோருள் தறி நெய்வோர் இருந்தனர். லாரி ஓட்டுவோர் இருந்தனர். ஓட்டுநர் ஒருவர் தம் வெளியூர்ப் பயணத்தின் நாட்படியை அப்படியே கொண்டுவந்து கொடுத்தது இன்றும் என் நினைவில் நிற்கிறது. ஆவணித் தொடக்கத்தில் 10 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட்டுத் தளம் போட்டார்கள். பாத்தி கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நிறுத்தினார்கள். புரட்டாசி இறுதியில் தளம் வெள்ளை வெளேரென்று உலர்ந்து காணப்பட்டது. ஆண்டு விழாவுக்குள் கூடத்தைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

பலகை வேலைக்கு வந்த ஆசாரியார், நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பல ஆண்டுகள் கூண்டு கட்டிக் கைதேர்ந்தவர். அவர் தளத்தைச் சுற்றிப் பார்த்தார். காலை ஊன்றிப் பார்த்தார். “ஐயா, தளம் இன்னும் காயவில்லை. தை பிறக்கட்டும், பிறகு பலகை போடலாம்” என்றார். கையால் தொட்டால் சிறிதும் ஈரம் தெரியாத தளத்தை அவர் ஈரம் என்கிறாரே என்று நான் நகைத்தேன். அன்று மாலை அவர் தம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து, தளத்தின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மறுநாட் காலையில் என் கண்முன் அதனை எடுத்துத் திருப்பினார். தட்டின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர்த்துளிகள். “பாருங்கள், ஐயா” என்றார். “இது இரவுப் பனி” என்று சொல்லி அவர் சொல்லை மறுத்தேன். அவர் மேலும் வாதாடவில்லை. நான் சொன்னபடியே, சுவரோடு சுவராகப் பலகைகளை நெருக்கி அடித்து முடித்தார்.

கார்த்திகை மழை ஓய்வதற்குள் அத்தரை நடுவே ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி, கவிழ்த்த தோணியைப் போல் நின்றது. அதன் காரணத்தை இனி ஆராய்வோம்.

முதலில் கான்கிரீட்டைப் பார்ப்போம். சிமிட்டி இறுகுவது நீர் உலர்வதனால் அன்று. சிமிட்டியும் நீரும் வேதியியல் முறையில் கூடுவதனால்தான் அது இறுகுகிறது. ஆதலால்தான் கொத்தனார் புதுத் தளத்தை உலரவிடாமல் தண்ணீர் கட்டி வைக்கிறார். இனி, ஒரு மூட்டைச் சிமிட்டி 50 கிலோகிராம். அதற்கு எடையிற் பாதியளவு, அதாவது 25 லிட்டர் நீர் சேர்த்ததாகக் கொள்வோம். சிமிட்டி முழுதும் வினைப்பட்டாலும், அது வேதியியல் முறையில் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் நீர் ஏறத்தாழ 11 அல்லது 12 லிட்டரே. அப்படியாயின் எஞ்சிய 13 லிட்டர் எதற்கு? கலவையைக் குழைத்துப் பரப்புவதற்கு அது வேண்டும். வேலை முடிந்தபின், அதில் ஒரு பகுதி சிமிட்டிக் கூழின் மிக நுண்ணிய துளைகளில் ஒட்டிக்கொண்டு தங்குகிறது. மற்றது மயிரிழையினும் மெல்லிய குழல்கள் வழியே மெல்ல மெல்ல மேலே வந்து ஆவியாகிறது.

இந்த ‘மெல்ல மெல்ல’ என்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. நம் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில், மரவள்ளி மாவைக் களத்தில் காய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்பரப்பு வெயிலில் வெளுத்துக் காய்ந்திருக்கும். கையை உள்ளே விட்டால் ஈரம் பிசுபிசுக்கும். ஆதலின் அதனைக் கிளறிக் கிளறிவிடுகிறார்கள். கான்கிரீட்டுத் தளமும் அப்படியே மேலே காய்ந்து உள்ளே நனைந்திருக்கும். ஆனால் அதைக் கிளறிவிட இயலாது. கட்டுமானத் துறையினர் தோராயக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள்: தண்ணீர் கட்டுவதை நிறுத்திய நாள் முதல், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் வீதம் உலர விட வேண்டும். 10 சென்டிமீட்டர் தளம் ஏறத்தாழ 4 அங்குலம்; ஆகவே 4 மாதம். மழைக் காலமாயின் அதனினும் மிகும். ஆவணி நடுவில் தண்ணீர் நிறுத்தியதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மார்கழி நடுவுக்குமேல் ஆகிறது. மழை நாட்களையும் சேர்த்தால் தை பிறந்துவிடுகிறது. ஆசாரியார் சொன்ன கெடு அதுவே அன்றோ!

தரைத்தளத்துக்கு மற்றொரு நீர்வரத்தும் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணிலுள்ள ஈரம் தளத்தின் நுண்குழல்கள் வழியே மேலேறும். இது ஒரு பருவத்தோடு முடிவதன்று. கட்டடம் உள்ளவரை தொடர்வது. தளத்தின் அடியில் பருமனான ஜல்லியைப் பரப்பினால், கற்களுக்கு இடையே உள்ள பெரிய வெளிகள் இவ்வேற்றத்தைத் துண்டித்துவிடும். அதன்மேல் கனமான பாலிதீன் தாளை விரித்துக் கான்கிரீட்டு இடுவது இன்னும் நல்ல காப்பு. பழைய கட்டடங்களில் இவை இருந்தனவா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து மரத்தின் இயல்பைக் காண்போம். வெட்டி அறுத்து ஆண்டுகள் பல ஆன பலகையும், தன்னைச் சூழ்ந்த காற்றோடு நீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடாயின், மரம் தன் உலர்ந்த எடையில் 7 அல்லது 8 விழுக்காடு நீரோடு நிலைகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாகுமாயின், மரத்தின் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடாகும். நம் சமவெளியின் கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையில் காற்று எவ்வளவு மாறுகிறது என்பது நீங்கள் அறிந்ததே. மரம் நீரை ஏற்கும்போது நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை; அகலவாக்கில் பெருக்கிறது. கதவு நிலையில் முட்டியதன் காரணம் இதுவே.

எவ்வளவு பெருக்கும்? மிகக் குறைவாக மாறும் நல்ல மரம் எனப் பெயர் பெற்றது தேக்கு. பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும்போது, வளையங்களின் போக்கில் அது 5.8 விழுக்காடும், ஆரத்தின் போக்கில் 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. இந்த மாற்றம் முழுவதும் நீர் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியபின்னரே நிகழ்கிறது. எனவே, நீரில் 1 விழுக்காடு மாறினால் அகலத்தில் சுமார் 0.19 விழுக்காடு மாறும். 8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காட்டுக்கு நீர் ஏறினால், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை ஒன்றரை மில்லிமீட்டர் பெருக்கும். ‘ஒன்றரை மில்லிமீட்டர்தானே’ என்று எண்ண வேண்டா. 6 மீட்டர் அகலமுள்ள கூடத்தில் அத்தகைய பலகைகள் 60. அறுபதும் சேர்ந்தால் 90 மில்லிமீட்டர், அதாவது 9 சென்டிமீட்டர். சுவரோடு சுவராக அடித்த தரைக்கு அந்த 9 சென்டிமீட்டர் எங்கே கிடைக்கும்?

ஆணிகள் ஒவ்வொரு பலகையையும் பிடித்திருப்பதாலும், மரம் தன்னுள்ளேயே நசுங்குவதாலும், பெருக்கம் முழுவதும் ஓரிடத்தில் திரள்வதில்லை. திரளவும் தேவையில்லை. நீங்கள் படித்த பித்தாகரஸ் தேற்றத்தை இங்கே பயன்படுத்துங்கள். 6 மீட்டர் தரை நடுவில் கூரைபோல் எழும்புவதாகக் கொண்டால், இரு புறமும் 3 மீட்டர் அடியுள்ள இரண்டு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். நடு உயரம் ஒரு சாண், அதாவது 22 சென்டிமீட்டர் என்று வைத்துக் கர்ணத்தைக் கணக்கிட்டால், ஒவ்வொரு புறமும் 8 மில்லிமீட்டரே மிகுகிறது. இரண்டும் சேர்ந்தால் 16 மில்லிமீட்டர். ஒரு சாண் எழும்புவதற்கு ஒன்றரைச் சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பெருக்கமே போதும்! கணித வகுப்பில் இத்தேற்றத்தை எத்தனையோ முறை நடத்திய நான், என் பள்ளிக் கூடத்தின் தரை அதனை எழுதிக் காட்டும் வரை இதனை எண்ணிப் பார்க்கவில்லை.

மரத்தின் இந்தக் குணத்தைத் தவிர்க்க மனிதன் மேற்கொண்ட முயற்சிகளுள் ஒன்று, நம் சேலத்து மண்ணோடு தொடர்புடையது. ஆதலால் அதனையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஓமலூர்ப் பக்கம் செல்வோர், சேர்வராயன் மலையடிவாரத்தில் வெளுத்துக் கிடக்கும் குன்றுகளைக் காணலாம். ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக் குன்றுகள் என்று அழைத்தனர். ஆனால் அது சுண்ணாம்பு அன்று. மாக்னசைட்டு என்னும் மாக்னீசியக் கார்பனேட்டு. நம் மக்கள் வெள்ளைக்கல் என்பர். இரயில் நிலையம் ஒன்றே மேக்னசைட் சந்திப்பு என்று பெயர் தாங்கி நிற்கிறது. இக்கல்லை வெட்டிப் பக்குவப்படுத்தும் தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனம் 1979ஆம் ஆண்டில் தோன்றியது.

இக்கல்லைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். தூய கல் 100 கிலோகிராமில் சுமார் 52 கிலோகிராம் வாயுவாகவே போய்விடும், எஞ்சுவது மாக்னீசியா. மிகுந்த வெப்பத்தில் சுட்டால், எஃகு உலைகளுக்குச் செங்கல் செய்ய உதவும் செயலற்ற மாக்னீசியா கிடைக்கும். ஏறத்தாழ 700 முதல் 1000 பாகை செல்சியசு வரை மிதமாகச் சுட்டாலோ, வினைத்திறன் உள்ள மாக்னீசியா கிடைக்கும். இதனை மாக்னீசியக் குளோரைடுக் கரைசலில் குழைத்தால், சில மணி நேரத்தில் கல்போல் இறுகும் என்பதை 1867ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஸ்டானிஸ்லாஸ் சோரல் வெளியிட்டார். அதனால் இதற்குச் சோரல் சிமிட்டி என்று பெயர். மாக்னீசியக் குளோரைடு உப்பளங்களில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் உள்ளது. ஆக, மலையின் கல்லும் கடலின் கசப்பும் கூடிப் பிறந்தது இந்தச் சிமிட்டி.

இதன் தனிச்சிறப்பு யாதெனில், மற்றச் சிமிட்டிகளைக் காட்டிலும் மரத்தூளை இது நன்றாகத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். மாக்னீசியாவும் மரத்தூளும் வண்ணப் பொடியும் சேர்த்துக் குழைத்து, கான்கிரீட்டுத் தளத்தின்மேல் பூசித் தேய்த்தால், இணைப்பே இல்லாத ஒரே தரை அமையும். அது காலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும்; ஓசை எழுப்பாது. மரமும் கல்லும் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி, ‘சைலோலைட்டு’ என்று இதற்குப் பெயர் வைத்தனர். ‘மரக்கல்’ என்று நாம் சொல்லலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள், மருத்துவமனைகள், கப்பல்கள் ஆகியவற்றில் இத்தரை இடம் பெற்றது. நம் நாட்டிலும் இதற்கெனத் தனி விதிமுறை உண்டு. இந்தியத் தரநிலையில் அதன் எண் 658.

மரத்தைக் கல்லோடு கலந்தாயிற்று. இனி நீருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். அங்கேதான் வியப்பு! நீரில் நனைந்துகொண்டே இருந்தால், இத்தரையிலுள்ள குளோரைடு கரைந்து வெளியேறித் தரை வலுவிழக்கும். குளோரைடு அளவுக்கு மிஞ்சினால், அது காற்றின் ஈரத்தை இழுத்துத் தரையை வியர்க்கச் செய்யும். கீழே கசிந்தால் கான்கிரீட்டிலுள்ள இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஆதலின் அடித்தளம் உலர்ந்திருப்பது இதற்கும் இன்றியமையாதது. பெயரில் கல் சேர்ந்தும் மரத்தின் பகை இதனை விட்டுப் போகவில்லை.

இக்காலத்தில் கடைகளில் மிகுதியாக விற்பது லாமினேட்டுத் தரை. 1977ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் பெர்ஸ்டார்ப் நிறுவனத்தார் இதனை உருவாக்கினர். மர இழைகளைப் பசையோடு சேர்த்து அழுத்திய அடர்ந்த பலகை இதன் உடல். அதன்மேல் மரத்தின் தோற்றத்தை அச்சிட்ட தாள். அதற்கும் மேல் தேயாமல் காக்க, அலுமினிய ஆக்சைடு கலந்த மெலமின் பிசின் பூச்சு. அடியில், பலகை வளையாதிருக்க ஒரு சமன்தாள். மேலே ஊற்றிய நீர் உடனே துடைத்தால் ஒன்றும் செய்யாது. அடியிலிருந்தும் விளிம்பிலிருந்தும் புகும் நீரோ, உடலாகிய இழைப் பலகையை ஊத வைக்கும். ஊதிய பலகை உலர்ந்தாலும் பழைய நிலைக்கு முற்றிலும் திரும்புவதில்லை. இவ்வகையில் தேக்கு மேல். உலர்ந்தபின் பெரும்பாலும் மீளும்.

ஆகவே, எந்தத் தரையாயினும் முதற் கேள்வி ஒன்றே: தளம் உலர்ந்துவிட்டதா? இதனைக் கண்ணாலும் கையாலும் தீர்மானிக்கலாகாது. சோதித்தே அறிய வேண்டும். எளிய சோதனை ஒன்றை நீங்களே செய்யலாம். 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள தெளிவான பாலிதீன் தாளைத் தளத்தின்மேல் பரப்பி, நான்கு விளிம்புகளையும் ஒட்டும் நாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ ஈரம் உண்டு என்பது உறுதி. இதைத்தான் ஆசாரியார் தம் சாப்பாட்டுத் தட்டால் செய்து காட்டினார்!

ஆனால் துளி இல்லையென்றால் ஈரமே இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டா. இச்சோதனை மேற்பரப்பை மட்டுமே கேட்கிறது. எடை பார்க்கும் சோதனை இதனினும் நுட்பமானது. உலர்ந்த கால்சியம் குளோரைடை ஒரு தட்டில் எடை பார்த்து வைத்து, ஒரு மூடியால் தளத்தோடு ஒட்டி அடைத்து, 60 முதல் 72 மணி நேரம் கழித்து மீண்டும் எடை பார்ப்பார்கள். கூடிய எடையே தளம் விட்ட நீர். 1000 சதுர அடிக்கு 24 மணி நேரத்தில் 3 பவுண்டு என்பது அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய எல்லை. நம் அளவில், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம். எங்கள் 72 சதுர மீட்டர்க் கூடத்துக்குக் கணக்கிட்டால், ‘உலர்ந்தது’ என்று ஒப்புக்கொள்ளத்தக்க தளமும் நாள்தோறும் ஒரு லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடலாம்.

மூன்றாவது சோதனை, தளத்தின் உட்பகுதியையே கேட்பது. கனத்தில் 40 விழுக்காடு ஆழத்துக்குத் துளையிட்டு, அதனுள் ஈரப்பதமானியை வைத்து மூடி, மறுநாள் அளவைக் குறிப்பார்கள். 10 சென்டிமீட்டர் தளத்தில் இது 4 சென்டிமீட்டர் ஆழம். ஏன் அந்த ஆழம்? தளத்தை மூடிவிட்டால் நீர் மேலே ஆவியாக முடியாது. அடியிலுள்ள ஈரம் தளம் முழுவதும் பரவிச் சமனாகும். மூடியபின் மேற்பரப்பு அடையப்போகும் ஈரத்தை, மூடுமுன்பே அந்த ஆழம் ஏறக்குறையக் காட்டிவிடுகிறது. அங்கே ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், மரத் தரையைத் தள்ளிப்போடுங்கள் என்பது உற்பத்தியாளர் பலர் விதிக்கும் எல்லை.

தளம் தேறிவிட்டது என்று கொள்வோம். இனி வேலையை முறைப்படி தொடங்கலாம். மட்டப்பலகையையும் ரசமட்டத்தையும் கொண்டு தளத்தின் மேடுபள்ளங்களைக் காண வேண்டும். 2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டும். மேடு இருந்தால் தேய்க்க வேண்டும். பலகைகளை 2 நாளேனும் அதே அறையில் வைத்து, அங்குள்ள காற்றுக்குப் பழக்க வேண்டும். தளத்தின்மேல் 200 மைக்ரான் பாலிதீன் தாளை, ஒன்றன்மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏறுமாறு விரித்து, இணைப்புகளை ஒட்ட வேண்டும். லாமினேட்டாயின், அதன்மேல் மெல்லிய நுரைத்தாள் பரப்பி, பலகைகளை ஒன்றோடொன்று பூட்டி மிதக்க விடுவார்கள். ஆணியும் பசையும் தளத்தோடு சேரா. தேக்குப் பலகையாயின், ரீப்பர்ச் சட்டங்களைப் பொருத்தி, பலகைகளை அச்சட்டங்களில் அடிப்பார்கள். அடுத்தடுத்த வரிசைகளில் பலகை முனைகள் ஒரே கோட்டில் வாராமல், 30 சென்டிமீட்டரேனும் விலகியிருக்க வேண்டும்.

எல்லாச் சுவர்களின் ஓரத்திலும் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். கதவு நிலை, தூண் ஆகியவற்றின் ஓரத்திலும் அப்படியே. இந்த இடைவெளியைச் சுவரில் அடிக்கும் ஓரப்பட்டை மறைத்துவிடும். பட்டையைத் தரையோடு சேர்த்து அடிக்கலாகாது. இருபுறமும் சேர்ந்து 20 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. முன்னர்க் கண்ட 16 மில்லிமீட்டர்க் கணக்கை நினைவிற் கொள்ளுங்கள். எங்கள் தரையை ஒரு சாண் தூக்கிய அளவு பெருக்கத்தை இவ்விடைவெளி அமைதியாக வாங்கிக்கொள்ளும். எனினும் இது பருவ மாற்றத்துக்கு விட்ட இடமே. ஈரத் தளத்துக்கு மருந்து அன்று. 9 சென்டிமீட்டருக்கு எந்தச் சுவரோரமும் போதாது.

நம் நாட்டில் கறையானையும் மறக்கலாகாது. தளத்தின் நூலிழை போன்ற வெடிப்பு வழியாகவும், குழாய் நுழையும் இடத்து இடுக்கு வழியாகவும் அது மேலேறும். ஈரமும் இருட்டும் மரமும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதற்கு விருந்து மண்டபம். ஆதலின் கட்டடம் எழும்போதே மண்ணுக்குக் கறையான் தடுப்பு மருந்து இட வேண்டும். தரை இடுமுன் வெடிப்புகளை அடைக்க வேண்டும். தரை அமைந்தபின் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். நன்கு பிழிந்த துணியால் துடைத்தாலே போதும்.

எங்கள் கூடத்தின் கதையை முடித்துவிடுகிறேன். தரை எழும்பிய செய்தி ஊரில் பரவியபோது, பலரும் ஆசாரியாரையே குறை கூறினர். ‘பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டார்’ என்றனர் சிலர். அவருக்கு வரவேண்டிய வேலை ஒன்று அதனால் தவறிப்போயிற்று என்று கேள்விப்பட்டேன். அடுத்த திங்கட்கிழமை இறைவணக்கக் கூட்டத்தில், அவரை மேடைக்கு அழைத்து, மாணவர்களுக்கும் பெற்றோர் சிலருக்கும் முன்னிலையில் நடந்ததைச் சொன்னேன். அவர் சோதித்துக் காட்டினார். நான் கண்டும் நம்பவில்லை. பிழை என்னுடையது என்றேன். அவர் தலை குனிந்து நின்றார், மேடையிலிருந்து இறங்கும்போது, “பலகையைப் பிரித்து அடுக்கி வைக்கிறேன், ஐயா, பாதி தேறும்” என்று மட்டும் சொன்னார்.

பாதிக்குமேல் தேறின. கோடை முழுவதும் தளத்தைத் திறந்தே விட்டோம். சித்திரையில் மாணவர் நால்வர் பாலிதீன் தாள் ஒட்டி, மூன்று இடங்களில் சோதித்து, நாளும் நேரமும் குறித்து எழுதிக் கொடுத்தனர். துளி இல்லை. துளையிட்டு அளந்ததிலும் தளம் தேறியது. குறைந்த பலகைகளுக்கு நானும் உடனாசிரியர்களும் பணம் சேர்த்தோம். வைகாசியில் ஆசாரியாரே மீண்டும் தரையை அமைத்தார். சுவரோரத்தில் விரற்கடை இடம் விட்டார். அதன்பின் எத்தனையோ ஐப்பசிகள் வந்து போயின. பலகைகள் மழையில் நெருங்குகின்றன, கோடையில் இழையளவு விலகுகின்றன, தரை எழும்பவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ புதுத் தளம் ஒன்று போடப்படுமாயின், இன்றிரவே ஒரு தட்டைத் துடைத்து அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். காலையில் எடுத்துப் பார்த்து, தேதியிட்டு எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை இதனைத் தொடர்ந்து செய்தால், வெள்ளையாகத் தோன்றும் தளம் எத்தனை நாள் நீர் விடுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்.